அரபு அரசியலில் பெங்களூருவுக்கு என்ன வேலை? இரண்டு நினைவுத்தூண்கள், ஒரு நூற்றாண்டுக் கணக்கு

துபாயிலோ தோஹாவிலோ வேலை கிடைத்து ஆஃபர் லெட்டர் வந்ததும் நாம் முதலில் பார்ப்பது சம்பளம். அடுத்தது விசா. அந்த விசாவில் ஸ்பான்சர் என்று ஒரு பெயர் இருக்கும். அதற்கு மேல் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை.

கொஞ்சம் யோசித்தால் கேள்விகள் வரிசையாக வரும். அந்த நாடுகளில் ஏன் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆள்கிறது? ஈராக்கில் யார் ஆட்சி செய்தாலும் ஏன் பழங்குடித் தலைவர்களைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது? பாலஸ்தீனப் பிரச்சினை எங்கே தொடங்கியது? ஓமானில் சில்லறைக் காசுக்கு ஏன் ‘பைசா’ என்று பெயர்?

இந்தக் கேள்விகளின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால், எல்லாமே பிரிட்டிஷ் பேரரசின் வெளியுறவுக் கொள்கையில் போய் நிற்கும். இது பலருக்குத் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது வேறொன்று: அந்தக் கொள்கையின் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது இந்தியாவிலிருந்து. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியச் சட்டம். அதற்கான சாட்சி பெங்களூருவில், நாம் தினமும் கடந்து போகிற சாலைகளிலேயே நிற்கிறது.

இரண்டு கற்கள்

ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஜெ.சி. நகர் சில கிலோமீட்டர் தூரம்தான். அங்கே மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூண் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த மைசூர் சமஸ்தானக் குதிரைப்படை வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. அவர்கள் சண்டை போட்ட இடங்கள்: சூயஸ் கால்வாய், காசா, ஹைஃபா, அலெப்போ. இன்று செய்திகளில் தினமும் அடிபடுகிற பெயர்கள்.

இரண்டாவது கல், பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கிற இடத்தில். ஷாப்பிங் கூட்டத்துக்கு நடுவே நிற்பதால் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. அது மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினருக்கான நினைவுச்சின்னம். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி வைப்பது, எடுப்பது எல்லாம் சாப்பர்ஸ் வேலை. 1780இல் உருவான இந்தப் படைக்கு 1834 முதல் பெங்களூருதான் தலைமையிடம். படைக்குள் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. தமிழ் எவ்வளவு தூரம் கலந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். இவர்களும் முதல் உலகப் போரில் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், வரை போனார்கள்.

சரி, மைசூர்க் குதிரைக்காரருக்கும் மெட்ராஸ் தம்பிக்கும் அரபு மண்ணில் என்ன வேலை? அதற்கு ஒரு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

வளைகுடாவை ஆண்டது யார்?

1820இல் பிரிட்டிஷார் வளைகுடாக் கரையோர ஷேக்குகளோடு ஒரு கடல் ஒப்பந்தம் போட்டார்கள். 1853இல் அது நிரந்தரப் போர்நிறுத்தமாக மாறியது. அந்தக் கரைக்கு ‘ட்ரூஷியல் கோஸ்ட்’, அதாவது போர்நிறுத்தக் கடற்கரை, என்ற பெயரே அதனால் வந்ததுதான். இன்றைய ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அது. 1892இல் இன்னும் இறுக்கமான ஒப்பந்தம்: எங்களைத் தவிர வேறு எந்த நாட்டோடும் நீங்கள் பேசக்கூடாது, நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. 1899இல் குவைத்தும் 1916இல் கத்தாரும் இதேபோன்ற வளையத்துக்குள் வந்தன.

இந்த ஒப்பந்தங்களையெல்லாம் நடைமுறைப்படுத்திய அதிகாரி பாரசீகக் கரையில் புஷேர் என்ற ஊரில் உட்கார்ந்திருந்தார். அவர் 1873 வரை பம்பாய் அரசுக்கும், பிறகு 1947 வரை இந்திய அரசுக்கும் பதில் சொன்னார். ஏடன் துறைமுகத்தை 1839இல் பிடித்ததே கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1937இல் தனிக் காலனி ஆகும்வரை ஏடன் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. 1903இல் வைஸ்ராய் கர்சன் போர்க்கப்பல்களோடு போய் ஷார்ஜா அருகே கடலில் தர்பார் நடத்தினார். டெல்லி தர்பார் முடிந்த அதே வருடம், அதே பாணி.

ஏன் இவ்வளவு அக்கறை? எண்ணெய்க்காக என்று நினைப்போம். அரபுக் கரையில் எண்ணெய் கிடைத்தது ரொம்பப் பிறகு, பஹ்ரைனில் 1932இல்தான். அதற்கு முன் நோக்கம் ஒன்றே: இந்தியாவுக்கு வரும் கடல்வழியை வேறு யாரும் தொடக்கூடாது.

முறையும் இந்தியாவில் பழகிய முறைதான். மைசூர், ஐதராபாத், நம்ம புதுக்கோட்டை மாதிரி சமஸ்தானங்களோடு போட்ட ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டிஷார் கையில், உள்ளூர் ஆட்சி ராஜா கையில். அதே ஏற்பாடு அங்கே ஷேக்குகளுக்குப் போனது.

இதில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. ஒப்பந்தம் ‘ஷேக்கும் அவர் வாரிசுகளும்’ என்று எழுதப்பட்டது. அதற்கு முன் பழங்குடிகளுக்குள் அதிகாரம் கைமாறிக்கொண்டே இருக்கும். தலைவர் பிடிக்காவிட்டால் ஒரு பிரிவே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். கையெழுத்து போட்ட குடும்பத்துக்குப் பின்னால் ஒரு கப்பற்படை நின்றதும் அந்த ஆட்டம் மாறியது. சமஸ்தானங்கள் 1947–49இல் இந்தியாவோடு கலந்துவிட்டன. வளைகுடாவில் அந்தக் குடும்பங்களே 1961இலும் 1971இலும் நாடுகளாக நிமிர்ந்தன. குவைத்தில் அல் சபா, பஹ்ரைனில் அல் கலீஃபா, கத்தாரில் அல் தானி. இன்றும் அவர்களே.

போர் வந்தது: எண்களில் பார்ப்போம்

1914இல் துருக்கியின் உஸ்மானியப் பேரரசு ஜெர்மனி பக்கம் சேர்ந்தது. அரபு நிலங்களில் பெரும்பகுதி அப்போது உஸ்மானியர் கையில். நவம்பர் 6 அன்று இந்தியாவிலிருந்து போன படை ஃபாவ் முனையில் இறங்கியது; அதே மாதத்தில் பஸ்ரா பிடிபட்டது. தொடக்கத்தில் இந்தப் போரை நடத்தியது லண்டனில் இருந்த போர் அலுவலகம் கிடையாது, இந்திய அரசு.

ஒரு சின்னக் கணக்கு:

- போர் முடியும்வரை இந்தியாவிலிருந்து மெசபடோமியாவுக்குப் போனவர்கள்: சுமார் 5.9 லட்சம் பேர்.
- இதில் ஏறக்குறைய பாதிப் பேர் துப்பாக்கி ஏந்தாதவர்கள். சுமை தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், சமையல்காரர், துப்புரவுத் தொழிலாளர். இந்தியச் சிறைகளில் இருந்தும் கைதிகளை வேலைக்குக் கொண்டு போனார்கள்.
- மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போர்க்காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள்: சுமார் 92 ஆயிரம். அதில் சுமார் 41 ஆயிரம் பேர் ஆயுதம் ஏந்தாத வேலைகளுக்கு.
- எல்லாப் போர்முனைகளிலும் சேர்த்து இறந்த இந்தியர்கள்: சுமார் 74 ஆயிரம்.
- 1917இல் இந்திய அரசு பிரிட்டனுக்குப் போர்ச் செலவுக்காகக் கொடுத்த ‘அன்பளிப்பு’: 10 கோடி பவுண்ட். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் கொடுத்தது 50 லட்சம் ரூபாய்.

குட் என்ற ஊரில் 1915 டிசம்பர் தொடங்கி ஐந்து மாதம் முற்றுகையில் சிக்கி, 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13 ஆயிரம் பேர் சரணடைந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். சிறையிலும் பாலைவன நடையிலும் அவர்களில் பலர் செத்தார்கள்.

எல்லோரும் கேட்காமல் போய்விடவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. 1916 பிப்ரவரியில் பஸ்ராவில் 15ஆம் லான்சர்ஸ் பிரிவின் முஸ்லிம் வீரர்கள், புனிதத் தலங்கள் இருக்கிற திசையில் சக முஸ்லிம்களுக்கு எதிராகப் போக மாட்டோம் என்று மறுத்தார்கள். தண்டனை கிடைத்தது. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது: இது யாருடைய போர்?

ஒரே நிலத்துக்கு மூன்று வாக்குறுதி

போர் நடக்கும்போதே பிரிட்டன் மூன்று பேருக்கு மூன்று விதமாக வாக்குக் கொடுத்தது.

முதலாவது, 1915இல். கெய்ரோவில் இருந்த மக்மஹோன், மக்காவின் ஷெரீஃப் ஹுசைனுக்கு எழுதிய கடிதங்கள். துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தால் அரபு சுதந்திரத்துக்குத் துணை நிற்போம் என்பது அதன் சாரம்.

இரண்டாவது, 1916 மே மாதம். சைக்ஸ், பிக்கோ என்ற இரண்டு அதிகாரிகள் பெயரில் பிரான்ஸோடு ரகசிய ஒப்பந்தம். அதே அரபு நிலத்தை இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்வது. இதில் ஹைஃபா துறைமுகம் பிரிட்டன் பங்கு.

மூன்றாவது, 1917 நவம்பர் 2. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு என்ற பால்ஃபர் அறிக்கை. அந்த அறிக்கையில் ‘அரபு’ என்ற சொல்லே கிடையாது. யூதரல்லாத சமூகங்கள் என்று மட்டும் இருக்கும். 1922இல் பிரிட்டிஷாரே எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி பாலஸ்தீனத்தில் 7,57,182 பேர். அதில் யூதர்கள் 83,794. அதாவது பத்தில் ஒன்பது பேரை ‘மற்றவர்கள்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இதில் இந்தியாவின் பங்கு என்ன? ரகசியம் என்று சொல்ல முடியாது, ஆனால் பாடப்புத்தகத்தில் வராத ஒன்று. கெய்ரோ ஹுசைனோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்திய அரசுக்கு அது பிடிக்கவில்லை. இந்திய அரசின் ஆள் பெர்சி காக்ஸ், 1915 டிசம்பரில் ஹுசைனின் எதிரியான இப்னு சவூதோடு ஒப்பந்தம் போட்டார். பிறகு மாதம் 5,000 பவுண்ட் உதவித்தொகையும் போனது. ஒரே பேரரசின் இரண்டு அலுவலகங்கள், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பேருக்குப் பின்னால்! 1924இல் இப்னு சவூத் படை மக்காவைப் பிடித்தது. ஹுசைனின் ஆட்சி அங்கே முடிந்தது. 1932இல் சவூதி அரேபியா பிறந்தது.

போர் முடிந்ததும் ஹுசைனின் மகன் ஃபைசலை 1920 மார்ச்சில் டமாஸ்கஸில் அரசராக அறிவித்தார்கள். ஜூலையில் பிரெஞ்சுப் படை அவரை விரட்டியது. அரபு அரசியலில் ‘துரோகம்’ என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கிற கனம் இங்கே தொடங்குகிறது. அடுத்தடுத்து வந்த தேசியவாதிகள், ராணுவ அதிகாரிகள், மதவாத அமைப்புகள் என்று எதிரெதிர்த் திசையில் இருப்பவர்களும் சைக்ஸ், பிக்கோ, பால்ஃபர் என்ற பெயர்களை மேடையில் சொன்னால் கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

ஈராக்: இந்தியாவின் நகல்

மெசபடோமியாவைப் பிடித்தாயிற்று. எப்படி ஆள்வது? அங்கே போன அதிகாரிகள் பலர் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது இந்திய முறை. அதையே கொண்டு போனார்கள்.

பணம் இந்திய ரூபாய். 1932இல் தினார் வரும்வரை ஈராக்கில் ஓடியது அதுதான். சட்டங்களுக்கும் இந்தியச் சட்டத் தொகுப்புகளே முன்மாதிரி. பஞ்சாப் விவசாயிகளைக் கொண்டுவந்து டைக்ரிஸ் கரையில் குடியேற்றலாம் என்றுகூட ஆர்னால்ட் வில்சன் என்ற அதிகாரி யோசனை சொன்னார்.

இவற்றில் நீண்ட நாள் நின்றது ஒரு சட்டம். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பட்டாணியர்களைக் கட்டுப்படுத்த ‘எல்லைக் குற்றங்கள் ஒழுங்குமுறை’ என்று ஒன்று இருந்தது. சாதாரண நீதிமன்றம் கிடையாது. பழங்குடித் தலைவர்கள் கூடித் தீர்ப்பு சொல்வார்கள். ஒருவர் செய்த குற்றத்துக்குக் குலம் முழுவதையும் தண்டிக்கலாம். பலுசிஸ்தானில் பணியாற்றிய ஹென்றி டாப்ஸ் என்ற அதிகாரி இதே அச்சில் 1916இல் ஈராக்குக்கு ஒரு பழங்குடிச் சட்டம் எழுதினார்.

விளைவைப் பாருங்கள். நகரத்தில் இருப்பவருக்கு ஒரு சட்டம், கிராமத்தில் இருப்பவருக்கு இன்னொரு சட்டம். ஷேக் என்றால் நீதிபதி, வரி வசூலிப்பவர், மெல்ல மெல்லப் பெரும் நிலக்கிழார், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். குலத்தில் சமமாக இருந்தவர்கள் அவர் நிலத்தில் குத்தகை உழவர்கள் ஆனார்கள். 1958 ஜூலை 14 புரட்சியில் மன்னராட்சி விழுந்ததற்கு இந்தக் கோபம் முக்கியக் காரணங்களில் ஒன்று. பழங்குடிச் சட்டமும் அதோடு போனது. மூலச் சட்டமோ பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை உயிரோடு இருந்தது!

இந்த ஆட்சிக்கு எதிர்ப்பு வராமல் இல்லை. 1920 ஜூன் 30 அன்று ருமைதா என்ற ஊரில் ஒரு பழங்குடித் தலைவரைக் கைது செய்ததில் பொறி கிளம்பியது. அதற்கு முன்பே பாக்தாத் மசூதிகளில் சன்னி, ஷியா இரு தரப்பும் ஒன்றாகக் கூடி வந்தார்கள். கிளர்ச்சியை அடக்கக் கூடுதல் படை எங்கிருந்து போனது? இந்தியாவிலிருந்து. செலவு சுமார் 4 கோடி பவுண்ட். இறந்த ஈராக்கியர்கள் 6,000 முதல் 10,000 வரை என்பது மதிப்பீடு. பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் சுமார் 500.

கட்டுப்படியாகாது என்று புரிந்ததும் லண்டன் பாதையை மாற்றியது. சிரியாவில் அரியணை இழந்த அதே ஃபைசலை 1921 ஆகஸ்டில் ஈராக்கின் அரசராக்கியது. அவருக்கு அந்த ஊரோடு அதற்கு முன் பெரிய தொடர்பு இல்லை. தரைப்படைச் செலவைக் குறைக்க 1922 முதல் கட்டுப்பாடு விமானப்படை கைக்குப் போனது. வரி கட்டாத கிராமத்தின் மேல் குண்டு போடுவது ஆட்சிமுறையானது. ஈராக்கியர்கள் இதை மறக்கவில்லை. 2003இல் அமெரிக்கா வந்த பிறகு உருவான ஓர் ஆயுதக் குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘1920 புரட்சிப் படை’.

ரூபாய், விசா, வாயில் புழங்கும் சொற்கள்

வளைகுடாவுக்குத் திரும்புவோம். ஈராக் தினாருக்கு மாறிய பிறகும் குவைத்திலும் துபாயிலும் மஸ்கட்டிலும் கடையில் ஓடியது இந்திய ரூபாய்தான். அதைக் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்துவது பெருகியதால், 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. கத்தாரும் துபாயும் அதோடு வேறு நாணயத்துக்குப் போயின. ஓமான் 1970 வரை வைத்திருந்தது. இன்றும் ஓமான் ரியாலுக்கு 1,000 பைசா.

பேச்சிலும் மிச்சம் இருக்கிறது. வளைகுடா அரபியில் நேராகப் போ என்பதற்கு ‘சீதா’. செருப்புக்கு ‘ஜூத்தி’. மின்விசிறிக்கு ‘பங்கா’. அடுப்புக்கு ‘சூலா’. இவை புத்தகத்தில் படித்த அரபி மட்டும் தெரிந்தவருக்குப் புரியாது. பம்பாயில் கொஞ்ச நாள் இருந்தவருக்குப் புரியும். இந்தக் கலப்பு முழுக்கப் பேரரசு தந்தது என்று சொல்ல முடியாது. முத்து, பேரீச்சை, குதிரை, அரிசி வணிகம் அதற்கும் மூத்தது. நம் காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களைக் கேட்டால் அரபு உறவுக்கு இன்னும் பழைய கதை சொல்வார்கள். பேரரசு செய்தது, அந்த உறவை ஒரே கணக்குப் புத்தகத்தின் கீழ் கொண்டுவந்தது.

இனி விசாவுக்கு வருவோம். கஃபாலா என்கிற ஸ்பான்சர் முறையைப் பழைய அரபு வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பஹ்ரைன் ஆய்வாளர் ஓமர் அல்ஷெஹாபி வேறு ஒரு வேரைக் காட்டுகிறார். 1920களின் பஹ்ரைனில் உள்ளூர்க்காரர் மீது ஷேக்குக்கு அதிகாரம். வெளிநாட்டவர் மீது பிரிட்டிஷ் அதிகாரிக்கு அதிகாரம். முத்துக்குளிப்புக்கு வந்த வெளியூர்த் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தப் போதுமான போலீஸ் கிடையாது. அதனால் ஆளைக் கொண்டுவருபவரே அந்த ஆளுக்குப் பொறுப்பு என்று உத்தரவு போட்டார்கள். காவல் வேலையைச் செலவில்லாமல் தனியார் தலையில் கட்டிய ஏற்பாடு. எண்ணெய்க் கம்பெனிகள் வந்தபோது அது பெருகியது; நாடுகள் சுதந்திரம் அடைந்ததும் சட்டமானது.

கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியை நீக்கியது போன்ற திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் இன்று வளைகுடா நாடுகளில் இருக்கும் சுமார் 90 லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோரின் தங்கும் உரிமை இன்னும் ஒரு ஸ்பான்சரின் பெயரோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. இந்த முறையை அப்படியே தக்கவைத்ததற்கு அங்குள்ள அரசுகளும் முதலாளிகளும்தான் பொறுப்பு. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. ஆனால் ‘அவங்க கலாச்சாரமே அப்படி’ என்று சொல்வதும் வரலாறு ஆகாது.

ஹைஃபா: யாருக்கு வெற்றி?

இப்போது ஜெ.சி. நகர் தூணுக்குத் திரும்புவோம். 1918 செப்டம்பர் 23. ஜோத்பூர், மைசூர் லான்சர்ஸ் ஹைஃபாவைத் தாக்கினார்கள். மைசூர்ப் படைக்குக் கிடைத்த வேலை கார்மல் மலைச் சரிவில் இருந்த பீரங்கிகளை அடக்குவது. கையில் ஈட்டி, எதிரில் இயந்திரத் துப்பாக்கி. மாலைக்குள் ஊர் பிடிபட்டது. 1,350 பேர் கைதானார்கள். இந்தியத் தரப்பில் 8 பேர் இறந்தார்கள், 34 பேருக்குக் காயம். ஒரு மாதம் கழித்து அலெப்போவுக்கு வடக்கே ஹரிதான் என்ற இடத்தில் இதே இரண்டு படைகளும் கடைசிச் சண்டையையும் போட்டன.

இந்த ஒரே நாளுக்கு இன்று மூன்று நினைவுகள் உண்டு. இந்திய ராணுவத்துக்கு அது வீரம்; ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23 ஹைஃபா தினம். 2018 ஜனவரியில் டெல்லி தீன் மூர்த்தி சதுக்கத்தின் பெயரோடு ஹைஃபாவும் சேர்ந்தது. இஸ்ரேலுக்கு அது துருக்கியரிடமிருந்து ஊர் விடுபட்ட நாள். பாலஸ்தீன அரபியர்களுக்கு, ஒரு பேரரசு போய் இன்னொரு பேரரசு வந்த நாள். சைக்ஸ்–பிக்கோ காகிதத்தில் பிரிட்டனுக்கு எழுதி வைத்திருந்த துறைமுகம் கைக்கு வந்தது. 1935இல் ஈராக்கின் கிர்குக் எண்ணெய் குழாய் வழியாக அங்கே வந்து சேர்ந்தது. 1948 ஏப்ரலில் ஹைஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது.

அந்தக் குதிரைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் தைரியம் உண்மை. இறந்தவர்களை நினைப்பது நியாயம். ஆனால் தைரியத்தைக் கொண்டாடும்போது, அனுப்பியவர் நோக்கத்தையும் சேர்த்துக் கொண்டாடிவிடுகிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட தஞ்சாவூர்க்காரர்

இந்தக் கேள்வி ஒன்றும் இன்றைக்கு முளைத்ததில்லை. 1920இல் எஷர் கமிட்டி என்ற ஒரு குழு, இந்திய ராணுவத்தைப் பேரரசின் பொதுப்படையின் ஓர் அங்கமாகப் பார்க்கும் அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், மெசபடோமியா மாதிரி இன்னும் பல. 1921 மார்ச்சில் மத்திய சட்டப் பேரவையில் அதற்கு எதிராக வரிசையாகத் தீர்மானங்கள் கொண்டுவந்தவர் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த வழக்கறிஞர் பி.எஸ். சிவசாமி ஐயர். சென்னை மயிலாப்பூரில் சர் சிவசாமி கலாலயா பள்ளிக்கு இருக்கிறதே, அதே பெயர்க்காரர்.

அவர் புரட்சிக்காரர் கிடையாது. சர் பட்டம் வாங்கிய மிதவாதி. அவர் கேட்டது எளிமையானது: இந்திய ராணுவம் இந்தியாவின் பாதுகாப்புக்கு. அதைத் தாண்டி வெளியே அனுப்ப வேண்டுமானால், மிகப் பெரிய நெருக்கடியில், இந்திய அரசு முன்கூட்டியே சம்மதித்த பிறகுதான். பேரவை அதை ஏற்றது. பணம் கொடுப்பவரும் உயிர் கொடுப்பவரும் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டை அவையில் எழுந்து கேள்வி கேட்டார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1939இல் இந்தியாவைக் கேட்காமலே வைஸ்ராய் போர் அறிவித்தார். 1941இல் ஈராக்கில் ரஷீத் அலி பிரிட்டனுக்கு எதிராக ஆட்சியைப் பிடித்தபோது, ஏப்ரல் 18 அன்று பஸ்ராவில் இறங்கியது மறுபடியும் இந்தியப் படை.

மாற்றம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பின் இந்திய வீரர்கள் காசாவுக்குப் போனார்கள், ஐ.நா. அமைதிப்படையாக, 1967 வரை. மைசூர் லான்சர்ஸ் போன அதே மண், வேறு கொடி. 2003இல் அமெரிக்கா ஈராக்கைப் பிடித்த பிறகு ஒரு டிவிஷன் அளவுக்கு இந்தியப் படை வேண்டும் என்று கேட்டது. ஏப்ரலில் நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு முடிவைச் சொன்னது: ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப மாட்டோம்.

1914இல் நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 2003இல் கேட்டார்கள், நாம் இல்லை என்றோம். நடுவில் இருக்கும் 89 வருடங்களில் மாறியது இதுதான்.

மேற்கு ஆசியாவில் அடுத்த நெருக்கடி வரும்போது யார் பக்கம் நிற்பது என்ற விவாதம் உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் வரும். பக்கம் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். முடிவெடுப்பது யார்? செலவு யாருடையது? அந்த ஊர்க்காரரைக் கேட்டார்களா? நூறு வருடத்துக்கு முன் முதல் இரண்டையும் சிவசாமி ஐயர் கேட்டார். மூன்றாவதை அரபியர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.